உப்பு ஒரு நூல் குறைச்சல்

நவம்பர் 9, ஞாயிறு

ஜுரம் விட்டு மூன்று நாளாயிற்று. இன்று எழுந்ததும் முதல் காரியமாகக் காப்பிப்பொடிக் கடைக்காரனைத் திட்டினேன். பொடியில் மணமே இல்லை. சிக்கரியை அள்ளிப் போட்டு ஏமாற்றிவிட்டான். சந்திரமௌலி ஒரு வாய் குடித்துவிட்டு, "நன்னாத்தானே இருக்கு, அம்மு" என்றார். (கட்டின புருஷனை இந்த நோட்டில்தான் பேர் சொல்ல முடிகிறது. அந்த சுகத்துக்காகவே எழுதுகிறேன்.) அவருக்கு வெந்நீரைக் கொடுத்தாலும் நன்னாத்தான் இருக்கும்.

பத்து மணிக்குப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. காலி டப்பாவை மோந்த மாதிரி இருந்தது. ஜலதோஷம்தான். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

நவம்பர் 12, புதன்

சரியாகவில்லை.

நவம்பர் 15, சனி

டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வைரஸ் ஜுரம் வந்தால் சிலருக்கு வாசனை போய்விடுமாம். மூன்று மாதத்தில் திரும்பலாம், ஒரு வருஷமும் ஆகலாம், திரும்பாமலும் போகலாம். நாக்குக்கு ஒன்றும் இல்லை. உப்பு, புளிப்பு, தித்திப்பு எல்லாம் தெரியும். மூக்குதான் போயிற்று என்றார்.

மூக்குதான்! எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். அது என் மூக்கே இல்லை, அபயாம்பாள் பாட்டியின் மூக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எழுதினால் ஆறுகிறதா பார்க்கிறேன். பாட்டி கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து பம்பாயில் இந்த மாட்டுங்கா கட்டடத்துக்கு வந்தது 1944இல். பதினெட்டு வீடு. நாங்கள் பதினொன்றாம் நம்பர். வந்த வருஷம் தொடங்கி ஒவ்வொரு மார்கழித் திருவாதிரைக்கும் களியும் ஏழு காய்க் கூட்டும் பண்ணிக் கட்டடம் முழுவதுக்கும் இலை போட்டாள். நடராஜருக்கு நைவேத்தியம் ஆகிறவரை ஒரு பருக்கை யார் நாக்கிலும் படக் கூடாது. அப்படியானால் அத்தனை பெரிய தவலைக்கு உப்பு சரியா என்று எப்படிப் பார்ப்பது? பாட்டி தவலைமேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாள். "ம், சரியா இருக்கு" என்பாள். சரியாக இருக்கும். ஒரு நூல் குறைச்சலாக இருக்கும். அந்த ஒரு நூல் குறைச்சல்தான் அபயாம்பாள் கூட்டின் ருசி என்று எல்லோரும் விரலைச் சப்புவார்கள். மூக்காலேயே உப்புப் பார்க்கிறவள் என்று தாதர் வரைக்கும் பேர்.

பாட்டிக்குப் பிறகு அம்மா. அம்மாவுக்குப் பிறகு, ஒரே பெண்ணான நான், பதினேழு வருஷமாக. பத்து வயதிலேயே "அம்முவுக்கு அப்படியே அபயாம்பாள் மூக்கு" என்று பேர் வாங்கினவள். படி ஏறும்போதே எந்த வீட்டு ரசத்தில் உப்பு ஏறிவிட்டது என்று சொல்லிவிடுவேன். கர்வம்தான். இருக்கட்டுமே. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் நகர்த்தினதைச் சொல்லியா பீற்றிக்கொள்ள முடியும்?

திருவாதிரை ஜனவரி மூன்றாம் தேதி. ஏழு வாரம் இருக்கிறது. யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 19, புதன்

சாயங்கால லோக்கலில் ஏறினதும் ஜன்னலோர சீட் கிடைத்தது. என்ன அதிர்ஷ்டம் என்று உட்கார்ந்தேன். பைக்குல்லா தாண்டினபிறகுதான் காலடியில் யாரோ விட்டுப்போன கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தேன். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். மாட்டுங்கா வரைக்கும் மகாராணி மாதிரி உட்கார்ந்தே வந்தேன். வேறென்ன செய்வது.

நவம்பர் 23, ஞாயிறு

பிடிபட்டுவிட்டேன்.

காலையில் பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் பாட்டுக்குத் திறந்திருக்கிறது. நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஹரிதா, என் பிள்ளை சாய்நாத்தின் பெண்டாட்டி, உள்ளேயிருந்து ஓடி வந்து குழாயை மூடி ஜன்னலைத் திறந்தாள்.

"அம்மா, உங்களுக்கு ஸ்மெல் வரலையா?"

"வந்தது. எழுந்திருக்கறதுக்குள்ள நீ வந்துட்டே."

அவள் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விக்ரோலியில் ஃபாக்டரி தொழிலாளியின் மகளாக வளர்ந்த பெண். எட்டு மாதமாக இங்கே இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள், கண் மட்டும் சும்மா இருக்காது. மத்தியானம் நான் பேப்பர் படிக்கும்போது உரித்த பூண்டு நாலு பல்லை என் முழங்கைப் பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பூண்டு என்றால் நான் மூன்று ரூம் தாண்டி முகம் சுளிக்கிறவள். அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்!

"கப் ஸே? எப்பலேருந்து?" என்றாள்.

"ஜுரத்துலேர்ந்து."

"சாய் கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நான் பக்கத்துல இல்லாம கேஸ் பத்த வைக்கக் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க."

இருபத்தேழு வயதுப் பெண் ஐம்பத்தாறு வயது மாமியாரிடம் சத்தியம் வாங்குகிறாள். பண்ணிக் கொடுத்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

கட்டடக் கமிட்டி மீட்டிங். புது செக்ரட்டரி அனந்த் நல்ல பையன்தான், ஆனால் எதையும் டப்பாவில் அடைக்கப் பார்ப்பான். "மாமி, உங்களுக்கு உடம்பு வேற சரியில்லாம இருந்தது. இந்தத் தடவை திருவாதிரையைக் கேட்டரர்ட்ட கொடுத்துடலாமே. பாக்ஸ் போட்டு அவாளே டெலிவரி பண்ணிடுவா."

பாக்ஸ்! நடராஜர் பாக்ஸைத் திறந்து ஸ்பூனால் சாப்பிடுவாரா?

"எண்பத்தோரு வருஷமா பதினொண்ணாம் நம்பர்லேர்ந்தாக்கும் திருவாதிரை வரது. நான் இருக்கறவரைக்கும் அங்கேர்ந்துதான் வரும்" என்று சொல்லிவிட்டேன். மூக்கு போயாயிற்று. வாய் மட்டும் அடங்கவில்லை.

ஏழாம் நம்பர் பாருக்குட்டி மாமிக்கு எண்பத்தெட்டு வயது. பாட்டி கூட்டைச் சாப்பிட்டவர்களில் மிச்சம் இருக்கிற ஒரே ஆள். நாற்காலியிலிருந்தபடியே தீர்ப்புச் சொன்னாள்: "அம்முவே பண்ணட்டும். நன்னாவே பண்ணறா. அபயாம்பா கூட்டு மாதிரி வராது, அது வேற விஷயம்."

பதினேழு வருஷமாக இலையில் உட்கார்ந்து இதையேதான் சொல்கிறாள். மூக்கு இருந்தபோதே பாட்டியளவு வரவில்லை. இப்போது மூக்கும் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒத்திகை. கால் தவலை கூட்டு. நாக்கில் வைக்காமல், கண்ணாலேயே குத்துமதிப்பாக உப்புப் போட்டேன். சாய்நாத் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இதுக்கு ஜுஹு பீச்சுக்கே போயிருக்கலாம்" என்றான். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான்.

ஹரிதா பாத்திரம் தேய்க்கும்போது மெதுவாகச் சொன்னாள். "ஒரு ஸ்பூன் நான் டேஸ்ட் பண்ணிச் சொல்றேன். அவ்ளோதான். யாருக்குத் தெரியப் போகுது? சாமியா வந்து கேக்கப் போறார்?"

"சுவாமி கேக்க மாட்டார். பாட்டி கேப்பா."

கோபமாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் முகம் சுண்டிப்போயிற்று. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என்னால முடியலே பாட்டி. நீ கொடுத்ததுலேயே ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட உருப்படியா இருந்தது. அதையும் தொலைச்சுட்டேன். அனந்த்கிட்ட போய் பாக்ஸே வரட்டும்னு சொல்லிடட்டுமா? சொல்லு.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது? கோபமா சிரிப்பா தெரியவில்லை.

மார்க்கெட்டில் ஜெயினுலாப்தீன் பாய் கடைக்குப் போனேன். களிக்கான வெல்லம் எங்கள் வீட்டில் என்றைக்கும் அங்கேதான். அவர் வாப்பா காலத்துக் கடை. இப்போது அவருக்கே எழுபதுக்கு மேல். வெல்லத்தை உடைத்து நீட்டி, "மோந்து பாருங்கம்மா, புதுசு" என்றார். வாங்கி மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் விடுவேனா? "கொஞ்சம் பழசு மாதிரின்னா இருக்கு" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியே உங்க பாட்டியம்மா! அவங்களும் இப்படித்தான் நாலு பேர் பாக்க மோந்துட்டு ஒரு குத்தம் சொல்லுவாங்க. அப்புறம் என்னைய ஓரமாக் கூப்பிட்டு, 'நீ சொல்லுடாப்பா, வாசனை நன்னா இருக்கா, நேக்குத்தான் ஒண்ணும் தெரியாதே'ம்பாங்க."

"தெரியாதா? ஏன் தெரியாது?"

"பொடிதான்! எங்க வாப்பாட்ட வாரம் ஒரு டப்பி மூக்குப்பொடி. வீட்டுல தெரியக் கூடாதுன்னு வெல்லத்துக்கு அடியில வச்சுக் கட்டித் தருவோம். பொடி போட்டுப் போட்டு மூக்கே செத்துப் போச்சுன்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க. நான் கடைக்கு வந்த புதுசு, எழுபத்தஞ்சுல. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

வெல்லத்தை வாங்கினேனா, காசு கொடுத்தேனா, ஞாபகம் இல்லை. அந்தக் காரைப் பல்லும் விபூதியுமாக, இத்தனை வருஷம் ஒரு கட்டடத்தையே ஏமாற்றியிருக்கிறாள். திருட்டுப் பாட்டி!

டிசம்பர் 15, திங்கள்

எழுபத்தைந்தில் எனக்கு ஆறு வயது. அதாவது நினைவு தெரிந்து நான் பார்த்த ஒரு திருவாதிரையிலும் பாட்டிக்கு மூக்கு கிடையாது.

டிசம்பர் 17, புதன்

அப்படியானால் எப்படி?

ஆபீசில் நாள் முழுவதும் இதே யோசனை. ஆவியை இழுத்ததெல்லாம் வேஷம். சரி. ஆனால் வேஷம் கடைசியில்தான். அதற்கு முன்னால் என்ன செய்வாள்? கல்லுப்புப் பரணியை இடது கையில் அணைத்துக்கொள்வாள். மூன்று விரலால் ஒவ்வொரு சிட்டிகையாக எடுத்துப் போடுவாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். நான் பேச வாயெடுத்தால் அம்மா கிள்ளுவாள். "பாட்டி மந்திரம் சொல்லறா, வாயை மூடு." எந்த மந்திரம் என்று அம்மாவும் கேட்டதில்லை. மூக்குச் சக்தியோடு மந்திர சக்தியும் சேர்ந்துகொண்டதாக நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

உப்புக்கு ஏது மந்திரம்?

டிசம்பர் 20, சனி

தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது!

காலையில் ஹரிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அம்மா, ஜனவரி மூணாம் தேதி எங்க அப்பா அம்மாவும் வரட்டுமா? ரெண்டே பேர்தான் எக்ஸ்ட்ரா."

"தாராளமா வரட்டும். முன்னாடியே சொன்னயே, அதுவே பெரிசு. சொல்லாம வந்தா பாட்டிக்கு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சொல்லாமல் வந்தால் பாட்டிக்குப் பொல்லாத கோபம் வரும். முதல் நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய், "நாளைக்கு எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு வருவாள். எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, கூட்டு கொதித்து இறக்குகிற நேரத்தில் பாருக்குட்டி மாமி வீட்டுக்கு ஊரிலிருந்து நாலு பேர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பாட்டி மாமியைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு, தவலையை மறுபடி திறந்து, பரணியிலிருந்து உப்பை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டாள். போடும்போது அன்றைக்கு மட்டும் கோபத்தில் சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "பாரு ஆத்துல நாலு."

மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இலைக்கு ஒரு சிட்டிகை! ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லி, அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் நினைத்துப் போட்டிருக்கிறாள். யாரையும் மறக்கக் கூடாதே என்றுதான் உதடு அசைந்தது. என் பாட்டியைப் போல ஒரு மூளைக்காரி இந்த பம்பாயில் பிறந்ததும் இல்லை, வந்து இறங்கினதும் இல்லை. மூக்கு செத்தால் என்ன? யாரிடமும் போய் நிற்காமல் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள் பாருங்கள்!

ஹரிதாவைக் கட்டிக்கொண்டேன். அவள் பயந்துபோனாள். பிறகு எல்லாம் சொன்னேன். அன்றைக்குக் கோபித்துக்கொண்டதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

வீட்டுக்கு மட்டும் கூட்டு. சந்திரமௌலி, சாய்நாத், ஹரிதா, அம்மு. நாலு சிட்டிகை. சுவாமிக்குக் காட்டிவிட்டு வாயில் வைத்தேன். கச்சிதம்! பாட்டி விரலும் என் விரலும் ஒரே கனம் போலிருக்கிறது.

டிசம்பர் 25, வியாழன்

லீவு. சந்திரமௌலியிடம் மூக்கு விஷயத்தைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நவம்பர் பத்தாம் தேதியே தெரியுமே" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"'குளிச்சேளா'ன்னு கேக்கறதை நிறுத்திட்டயே."

பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, "நிம்மதியா இருந்தது" என்கிறார். மனிதரா இவர்!

ஜனவரி 2, வெள்ளி

சாயங்காலம் ஹரிதாவும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். "நாளைக்கு எத்தனை பேர்?" பதினேழு வருஷத்தில் ஒருமுறையும் நான் இதைச் செய்ததில்லை. மூக்கு இருக்கிற மமதையில் தேவைப்படவில்லை.

இரண்டாம் நம்பரில் குஜராத்திக்கார மேத்தா பென் இப்போது தனியாக இருக்கிறாள். மகன் கனடா போய்விட்டானாம். எப்போது போனான் என்றே எனக்குத் தெரியாது. பதினாலாம் நம்பரில் மணிப்பூர்ப் பெண்கள் மூன்று பேர் ஒரு வருஷமாகக் குடியிருக்கிறார்கள், இன்றைக்குத்தான் முகம் பார்த்தேன். "எங்களுக்கும் உண்டா?" என்று இந்தியில் கேட்டார்கள். வெட்கமாகப் போயிற்று. உண்டு, கட்டாயம் வரவேண்டும் என்றேன். வாட்ச்மேன் வீட்டில் இரண்டு. விக்ரோலியிலிருந்து இரண்டு. மொத்தம் அறுபத்தாறு பேர். ஹரிதா போனில் குறித்துக்கொள்ளப் போனாள். வேண்டாம், மனசில் இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன்.

ஜனவரி 3, சனி. திருவாதிரை

இடுப்பு ஒடிந்துவிட்டது. இருந்தாலும் இதை இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

விடியும் முன்னே கட்டடத்தின் பின்பக்கம் அடுப்பு மூட்டினோம். ஹரிதா பக்கத்திலேயே நின்றாள். களி உருளியில் திரண்டு வந்தது. வெல்லமும் ஏலக்காயும் எப்படி மணத்ததோ, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பூசணி, பரங்கி, சேனை, சேம்பு, வாழைக்காய், அவரை, சர்க்கரைவள்ளி ஏழும் வெந்து, வறுத்து அரைத்த எள்ளும் தேங்காயும் சேர்ந்து கொதி வந்ததும் பரணியை இடது கையில் அணைத்துக்கொண்டேன்.

ஒன்றாம் நம்பர், அஞ்சு. மேத்தா பென், ஒண்ணு. அனந்த் வீடு, நாலு. பாருக்குட்டி மாமி, இரண்டு. பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமாக வந்து நின்றது. பயமே இல்லை. பதினாலு, அந்த மூன்று பெண்கள். வாட்ச்மேன், இரண்டு. விக்ரோலி சம்பந்தி, இரண்டு. முடிந்தது. பிறகு எல்லோரும் பார்க்கத் தவலைமேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்தேன். முகம் சுட்டது, அவ்வளவுதான். "ம், சரியா இருக்கு" என்றேன். அனந்த் அந்தப் பெண்களிடம், "இதுதான் எங்க பில்டிங்கோட ஃபேமஸ் மூக்கு" என்று பெருமையாகக் காட்டினான். ஹரிதா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

நைவேத்தியம் ஆயிற்று. முதல் இலை பாருக்குட்டி மாமிக்கு. ஒரு வாய் எடுத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அம்மு, உப்பு ஒரு நூல் குறைச்சல்."

எண்ணினது தப்பா, யாரை விட்டேன், ஓடிப்போய் உப்பு எடுத்து வரட்டுமா... மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணில் ஜலம் கட்டியிருந்தது.

"எங்கேடி ஓடறே? முப்பத்தஞ்சு வருஷமாச்சு இதைச் சாப்பிட்டு. இன்னும் ரெண்டு கரண்டி போடு."

போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 4, ஞாயிறு

அந்த ஒரு நூல் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு இலைக்கும் கணக்காகத்தானே போட்டேன்? காலையில் அடுக்களையில் ஹரிதாவிடம் மறுபடி ஒவ்வொரு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். விரல் மடக்கிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"பத்துக்கு அப்புறம் பன்னண்டுக்குப் போயிட்டீங்க. நம்ம வீடு எங்கம்மா?"

நேற்றைக்கும் சொல்லவில்லை. பதினொன்றாம் நம்பர் என் வாயில் வரவே இல்லை. வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் போனபோது என் வீட்டுக் கதவை நானே தட்டவில்லையே.

பாட்டியும் தட்டியிருக்க மாட்டாள்.

அந்தக் காலத்தில் இந்த வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் பாட்டி ஒரு வருஷமும் உப்புப் போடவில்லை. ஊருக்கெல்லாம் எண்ணிப் போட்டுவிட்டுத் தன் வீட்டை மறந்திருக்கிறாள். அதைத்தான் கட்டடமே சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறது. மூக்கு இருந்த பதினேழு வருஷமும் எனக்கு அது வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

மத்தியானச் சாம்பாருக்கு ஹரிதாதான் உப்புப் போட்டாள். பேர் சொல்லி, மூன்று விரலால், நாலு சிட்டிகை. போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்து, "ம், சரியா இருக்கு" என்றேன்.

இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.